எண்ணில் பாதி கூட்டாளியுடையது

ஐஸ் ஹாக்கியில் தடுப்பாட்டக்காரர்கள் ஜோடியாகத்தான் களமிறங்குவார்கள். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இல் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக 6 பேரை 3 ஜோடிகளாக வைத்திருக்கும். அதனால் ஒருவர் கணக்கில் விழும் எந்த எண்ணிலும் கூட்டாளியின் பங்கு கலந்தே இருக்கும். அதைப் பிரித்தெடுப்பதுதான் கஷ்டம்.

கோல் கணக்கை ஒதுக்கிவிட்டு, வட்டை (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் தட்டு, puck) மீட்கும் விதத்தை முதலில் பாருங்கள். எதிரணி வட்டை மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தி வரும். எடுக்கப் போகிறவர் அதைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேல் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்? இரண்டு முறை பார்ப்பவருக்குத் துரத்துபவர் வரும் பக்கமும் தெரியும், கூட்டாளி நிற்கும் இடமும் தெரியும். பார்க்காதவர் களத்தைச் சுற்றியுள்ள பலகையோரமாகக் குருட்டாம்போக்கில் அடிப்பார். தடுக்கும் அணியின் பகுதிக்கு எல்லையான நீலக்கோட்டில் காத்திருக்கும் எதிராளிக்கு அது பரிசு. இப்படி 20 மீட்புகளை எண்ணி, எத்தனை நல்ல பாஸில் முடிந்தன என்று குறித்தாலே ஆளின் தரம் பிடிபட்டுவிடும்.

அடுத்தது இடைவெளி. எதிராளி வட்டோடு நீலக்கோட்டை எட்டும்போது தடுப்பவர் ஒன்றிரண்டு ஸ்டிக் நீளத்துக்குள் இருக்க வேண்டும். சிலர் வெகு முன்னதாகவே பின்வாங்குவார்கள். பயம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பின்னோக்கிச் சறுக்கும் வேகமோ, ஒரு பக்கம் திரும்பும் லாவகமோ குறைவு என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

பிறகு எண்கள். பிளஸ்-மைனஸை (ஒருவர் களத்தில் இருக்கும்போது தன் அணி அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்த எண்) நம்பிப் பயனில்லை, கோல்கீப்பர் சொதப்பினாலும் மைனஸ் இவர் தலையில்தான். 'கோர்சி' அதைவிட மேல். தவறியவை, தடுக்கப்பட்டவை உட்பட எல்லா ஷாட் முயற்சிகளிலும் தன் அணியின் பங்கை அது சொல்லும். (பஃபலோ சேபர்ஸ் அணியின் முன்னாள் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஜிம் கோர்சியின் பெயர்தான் அது.) இதையும் கூட்டாளியோடு, கூட்டாளியின்றி என்று பிரித்துப் பாருங்கள். சேர்ந்து ஆடும்போது 54%, பிரிந்தால் ஒருவருக்கு 47%, மற்றவருக்கு 53% என்று வைத்துக்கொள்வோம். யார் யாரைச் சுமக்கிறார் என்பது தெரிந்துவிடும். ஆனால் பிரிந்து ஆடிய நிமிடங்கள் சொற்பமென்றால் இந்தக் கணக்கு ஏமாற்றும். எதிரே ஆடியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜோடி சேர்ப்பதில் கை முக்கியம். ஃபீல்டு ஹாக்கியில் எல்லா ஸ்டிக்கும் வலக்கை ஸ்டிக். இங்கே இடது, வலது இரண்டும் உண்டு. இடக்கை ஸ்டிக்காரர் இடப்பக்கம் நின்றால் பலகையோர வட்டை நேர்முகமாகவே கையாளலாம். வலப்பக்கம் மாற்றினால் அதே வட்டைப் புறங்கையால் எடுக்க வேண்டும், அரை நொடி போய்விடும். எதிரணிப் பகுதியில் மட்டும் அது லாபம்: குறுக்கே வரும் பாஸை நிறுத்தாமல் அடிக்க நல்ல கோணம் கிடைக்கும்.

ஒருவர் முன்னேற, மற்றவர் காவல் நிற்க வேண்டும் என்பது பழைய சூத்திரம். ஆனால் பாஸ் தெரியாத காவல்காரர் பக்கமே எதிரணி வட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். கூட்டாளியின் திறமை வீணாகும். 2008-இல் என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற டெட்ராய்ட் அணியில், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை 7 முறை பெற்ற இடக்கை லிட்ஸ்ட்ரோமுடன் ஆடியவர் வலக்கை ரஃபால்ஸ்கி. இருவருமே வட்டை அருமையாக வெளியே கொண்டுவருபவர்கள்.