ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டு: மூக்கிலிருந்து வந்த பெயர்

ஒரே வெள்ளைத் தூள்தான். ஒருவர் ஸ்ட்ரான்சியம் கார்பனேட் என்று எழுதுகிறார், இன்னொருவர் ஸ்ட்ரோன்ஷியம் கார்பனேட்டு என்கிறார், மூன்றாமவர் இசுட்ரோன்சியம் கார்பனேட்டு என்கிறார். புதிதாகப் படிக்க வருபவர் இவை மூன்று வெவ்வேறு பொருள்கள் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. எதை எழுதலாம் என்பது இருக்கட்டும், முதலில் பெயர் பிறந்த இடத்துக்குப் போய்விட்டு வருவோம்.

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில் ஸ்ட்ரான்டியன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் ஈயச் சுரங்கத்துக்குப் பேர்போன ஊர். கேலிக் மொழியில் அந்த ஊர்ப்பெயரின் முன்பாதிக்கு மூக்கு என்று பொருள். பின்பாதி, மாயக் குறுமக்கள் குடியிருப்பதாக நம்பப்பட்ட குன்றைக் குறிக்கும். நிலம் துருத்திக்கொண்டு நிற்கும் இடத்தை மூக்கு என்று சொல்வது அவர்கள் வழக்கம். நமக்கும் அது புதிதல்ல, கெண்டிக்கு மூக்கு வைத்தவர்கள்தானே நாம்.

அந்தச் சுரங்கத்திலிருந்து வந்த ஒரு கனிமத்தை முதலில் பேரியம் கார்பனேட்டு என்றே எண்ணினார்கள். 1790-இல் அடேர் கிராஃபர்ட் என்ற மருத்துவர், வில்லியம் குரூக்‌ஷாங்க்குடன் சேர்ந்து அதை ஆராய்ந்தார். அதிலிருந்து கிடைத்த குளோரைடு, பேரியம் குளோரைடைப் போல நடந்துகொள்ளவில்லை. நீரில் கரைந்த அளவும் வேறு, படிகத்தின் வடிவமும் வேறு. இது புதிய ‘மண்’ (சில உலோக ஆக்சைடுகளை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) என்று அவர் சொன்னார். அடுத்த ஆண்டே கனிமத்துக்கு ஊர்ப்பெயரையொட்டி ஸ்ட்ரான்சியனைட் என்ற பெயர் வந்துவிட்டது. 1808-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி மின்னாற்பகுப்பு மூலம் உலோகத்தைப் பிரித்தபோது, சோடியம், பொட்டாசியம் வரிசையில் ‘இயம்’ விகுதி ஒட்டி ஸ்ட்ரான்சியம் ஆனது. கவனியுங்கள்: இயற்கையில் கிடைக்கும் ஸ்ட்ரான்சியனைட்டே ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டுதான். தனிமத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்தச் சேர்மம்தான்.

இப்போது தமிழுக்கு வருவோம். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தே தீர வேண்டும் என்று கிளம்பினால் இந்தத் தனிமத்துக்கு ‘மூக்கியம்’ என்று பெயர் வைக்க வேண்டியிருக்கும்! ஊர்ப்பெயரில் பிறந்த சொல்லை மொழிபெயர்க்கக் கூடாது, ஒலியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எந்த ஒலியை? ஊரின் பெயரில் ‘டி’தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் சிலர் அதை ‘ஷி’ என்று ஒலிக்கிறார்கள். அந்த ‘ஷி’ தமிழில் ‘சி’ ஆகி நிலைத்துவிட்டது. நிலைத்ததை இனி மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை.

கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் இசுட்ரோன்சியம் என்று எழுதுகிறார்கள். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பதால் முன்னே ஓர் இகரம். நியாயம்தான். ஆனால் அதிலும் ‘ட்ரோ’ அப்படியே இருக்கிறதே? ட் என்ற மெய்யை அடுத்து ர வருவதும் தமிழ் மரபில் இல்லை. விதியை முழுக்கப் பிடிப்பதானால் இசுட்டிரோன்சியம் என்றுதான் எழுத வேண்டும். அந்த அளவுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை போலும். நான் ஸ்ட்ரான்சியம் என்றே எழுதுகிறேன். இசுட்ரோன்சியம் என்று எழுதினாலும் பிழையில்லை. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

கார்பனேட்டின் கதை வேறு. அது ஊர்ப்பெயர் அல்ல, பொருளுள்ள சொல். லத்தீனில் கார்போ என்றால் அடுப்புக்கரி. 1787-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயும் கூட்டாளிகளும் வேதிப்பெயர்களை ஒழுங்குபடுத்தியபோது, ஈற்றசையைப் பார்த்தே சேர்மத்தின் வகை தெரியும்படி செய்தார்கள். நம்மிடம் கரியிலிருந்து வந்த கரிமம் இருக்கிறது, பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனாலும் சேர்மப் பெயரில் கார்பனேட்டுதான் புழங்குகிறது. இலங்கைப் பாடநூல்களில் காபனேற்று என்பார்கள். கடைசியில் வரும் அந்த ‘ட்டு’வை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். சல்பேட்டு, சல்பைட்டு, சல்பைடு மூன்றும் மூன்று பொருள். பின்னிரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரேயொரு ட் மட்டும்.

இந்தத் தூள் தயாராகும் வழியில் அந்த வேறுபாடு கண்ணெதிரே தெரியும். ஸ்ட்ரான்சியனைட் போதிய அளவில் கிடைப்பது அரிது. அதனால் ஆலைகள் செலஸ்டைன் என்ற தாதுவில் தொடங்குகின்றன. அது ஸ்ட்ரான்சியம் சல்பேட்டு. சில துண்டுகள் வெளிர்நீலமாக இருப்பதால் வானுக்குரியது என்ற பொருளில் அந்தப் பெயர். விண்கல் என்று மொழிபெயர்த்தால் வம்புதான். இந்தத் தாதுவைக் கரியோடு கலந்து 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் ஆக்சிஜன் போய், சல்பேட்டு சல்பைடாகிறது. அதை நீரில் கரைத்து வடித்து, கரைசலில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் கார்பனேட்டு வெள்ளையாக அடியில் படியும், கூடவே அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். வாயுவுக்குப் பதில் சோடியம் கார்பனேட்டையும் சேர்க்கலாம்.

வேதியியலில் இதுவும் ஓர் உப்புதான். ஆனால் நீரில் கரையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு லிட்டர் நீரில் சுமார் 10 மில்லிகிராம் கரைந்தால் அதிகம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சிட்டிகை போட்டால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். அந்தக் கரைசலில் கம்பியை நனைத்துச் சுடரில் காட்டினால், சுடர் நல்ல குங்குமச் சிவப்பாகும். வாணவேடிக்கையின் சிவப்பும் இதே சிவப்புதான். இங்கே ஒரு வேடிக்கை: தனித்த ஸ்ட்ரான்சியம் அணு பளிச்சென்று உமிழும் வரி 460.7 நானோமீட்டரில், அதாவது நீலத்தில் இருக்கிறது. நாம் பார்க்கும் சிவப்பு, சுடருக்குள் கணநேரம் உருவாகும் மோனோகுளோரைடு, மோனோஹைட்ராக்சைடு மூலக்கூறுகளின் வேலை. பட்டாசுக் கலவையில் குளோரின் தரும் பொருளையும் சேர்ப்பது இதற்காகத்தான்.

முன்பெல்லாம் இந்தத் தூள் அதிகம் போன இடம் பெட்டித் தொலைக்காட்சி. படக்குழாய்க்குள் உண்டாகும் எக்ஸ் கதிர் வெளியே கசியாமலிருக்க முகப்புக் கண்ணாடியில் ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு கலந்தார்கள். தட்டைத் திரை வந்தது, அந்தச் சந்தை போயிற்று. ஒலிபெருக்கியின் பின்புறம் கருப்பாக வட்டமாக இருக்கும் காந்தத்தில் இன்னும் இருக்கிறது: ஒரு பங்கு ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டு மூலக்கூறுக்கு ஆறு பங்கு இரும்பு ஆக்சைடு என்ற கணக்கில் சேர்த்துச் சுட்டால் ஸ்ட்ரான்சியம் ஃபெரைட். பீங்கான் மெருகுக்கும் போகிறது.

அப்புறம், ஸ்ட்ரான்சியம் என்றாலே கதிரியக்கம் என்று பதறுபவர்கள் உண்டு. அவர்கள் கேள்விப்பட்டது ஸ்ட்ரான்சியம்-90, அணு உலையிலும் அணுகுண்டு வெடிப்பிலும் பிறப்பது. அரை ஆயுள் ஏறத்தாழ 29 ஆண்டுகள். கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதை வாங்கி வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. இயற்கையில் கிடைப்பது 84, 86, 87, 88 என்ற நான்கு ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணு வகைகளின்) கலவை, நான்கும் நிலையானவை. ஆய்வகப் புட்டியின் மேல் எண் எதுவும் இல்லாமல் ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டு என்று மட்டும் எழுதியிருந்தால், உள்ளே இருப்பது இந்தச் சாதுவான நால்வர்தான்.