முதலும் வட்டியும் மாடும் கன்றும்

காரைக்குடிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. "கேடில் விழுச்செல்வம் கல்வி ஒருவற்கு மாடல்ல மற்றை யவை" என்று வாத்தியார் குறளைச் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். "ஐயா, மத்ததெல்லாம் மாடு இல்லேன்னா, ஆடா?" வகுப்பே சிரித்தது. "மாடுன்னா செல்வம்னு ஒரு பொருள் இருக்குடா" என்றார் வாத்தியார். அது அதிகாரத்தின் கடைசிக் குறள். மணியும் அடித்துவிட்டது. அப்படி ஒரு பொருள் ஏன் வந்தது என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மேலே 'வகுப்பே சிரித்தது' என்று எழுதினேன். சுவரா சிரித்தது? வகுப்பின் பெயர் அதில் இருந்த பிள்ளைகளுக்கு ஆகி வந்தது. ஆகுபெயர். ஒன்றோடொன்று எப்போதும் ஒட்டியே நிற்கும் இரண்டு பொருள்களில் ஒன்றின் பெயர் மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும். அந்த வழக்கம் நாலைந்து தலைமுறை நிலைத்துவிட்டால் அகராதியில் இரண்டாவது பொருளாக உட்கார்ந்துவிடும். நாணயம் புழங்காத காலத்தில் ஒருவன் எவ்வளவு வசதியானவன் என்று பார்க்கத் தொழுவத்தை எட்டிப் பார்த்தால் போதும். மாடும் சொத்தும் ஒரே காட்சியாகத்தான் கண்ணில் படும்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. லத்தீனில் 'பெக்குஸ்' என்றால் கால்நடை, அதிலிருந்து பிறந்த 'பெக்கூனியா' என்றால் பணம். பழைய ரஷ்ய மொழியில் 'ஸ்கோத்' என்ற ஒரே சொல் கால்நடையையும் பணத்தையும் குறித்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் கால்நடையை 'ஃபீ' என்கிறார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் கட்டும் ஃபீஸ் பிரெஞ்சு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த சொல்தான், ஆனாலும் வேர் அதே பழைய ஜெர்மானியச் சொல்.

சரி, எப்போதும் மாடுதான் பணமாக மாறியதா என்றால், இல்லை. ஆங்கிலத்தில் 'கேட்டில்' தலைகீழாக நடந்தது. லத்தீனில் 'காபுட்' என்றால் தலை. அதிலிருந்து 'காபிடாலே', அதாவது தலையான சொத்து. அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய், முதலில் அசையும் சொத்து எல்லாவற்றுக்கும் பெயராக இருந்தது. அப்புறம் கால்நடைகளுக்கு மட்டும் என்று சுருங்கி, கடைசியில் மாட்டோடு நின்றுவிட்டது. மூலதனத்தைச் சொல்லும் 'கேபிடல்' அதன் உடன்பிறப்பு. ஆக, பங்குச் சந்தையும் மாட்டுச் சந்தையும் பெயரளவில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நம் மாடு இந்த இரண்டில் எந்த வழியில் வந்தது? சங்கப் பாடல்களில் பசுவுக்கு வழக்கமான சொல் 'ஆ', வெட்சி வீரன் கவர்வது ஆநிரை, இளைஞன் தழுவுவது ஏறு. அதைப் பார்க்கும்போது 'மாடு' முதலில் செல்வமாக இருந்து பிறகு விலங்கானது என்ற பக்கமே என் மனம் சாய்கிறது. பழைய 'ஆ' இப்போது ஆவின் பால் பாக்கெட்டில் மட்டும் உயிரோடிருக்கிறது.

ஒலி ஒத்துப்போகிறது என்று எல்லாவற்றையும் ஒரே தொழுவத்தில் அடைத்துவிடக் கூடாது. 'மாட்டுப்பெண்' மாட்டிலிருந்து வரவில்லை, அது 'மாற்றுப்பெண்' திரிந்தது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மாட்டு வாடையே அடிக்காத 'கோஷ்டி' உண்மையில் தொழுவத்தில் பிறந்த சொல். வடமொழியில் 'கோ' பசு, 'கோஷ்ட' பசுக்கள் நிற்கும் கொட்டில். கொட்டிலில் கூடி நிற்பதுபோல ஆட்கள் கூடினால் கோஷ்டி. அரசியல் கட்சிகளில் கோஷ்டிப் பூசல் என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு வைக்கோல் ஞாபகம் வரும்.

செட்டிநாட்டுக்காரனுக்கு இதில் கூடுதல் ருசி ஒன்று உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்த நகரத்தார் கணக்கில் 'முதல்' தனியாக நிற்கும், வட்டி தனியாக வளரும். அந்த வட்டி கட்டுக்கடங்காமல் போனால் "வட்டி குட்டி போட்டுருச்சு" என்போம். கிரேக்கத்தில் 'டோக்கோஸ்' என்ற சொல்லுக்கு ஈன்ற பிள்ளை, வட்டி என்று இரண்டு பொருளும் உண்டு. சுமேரியர் ஆட்டுக்குட்டிக்கும் வட்டிக்கும் 'மாஷ்' என்ற ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். வட்டி குட்டி போடுகிறது என்று மூன்று இடத்தில் தனித்தனியாகத் தோன்றியதற்குக் காரணம் எளிது. தங்கத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் அது அப்படியே கிடக்கும். பசு சினைபிடித்த ஒன்பது சொச்சம் மாதத்தில் இன்னொரு மாட்டைத் தரும். தானே பெருகும் சொத்து என்றால் என்னவென்று மனிதன் முதலில் பார்த்துக்கொண்டது கால்நடையிடம்தான்.

தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டில் தொழு மாடும், பொட்டலில் அவிழ்த்துவிட்ட கட்டுமாடும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடும். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டுக்குப் பெயர் வந்ததே கொம்பில் துணியில் முடிந்துவிட்ட சல்லிக்காசால் என்பார்கள். மாட்டின் தலையிலேயே காசு. லத்தீன்காரன் பார்த்திருந்தால் புன்னகைத்திருப்பான்.

எங்கள் அப்பத்தாவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. ஒரு கிடாரியை அடுத்த ஊரில் ஒருவரிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விட்டிருந்தார். தீனியும் மேய்ச்சலும் அவர் பொறுப்பு, பாலும் சாணமும் அவருக்கு. ஈனும் கன்றில் ஆளுக்குப் பாதி, மாடு மட்டும் எப்போதும் அப்பத்தாவுடையது. தலையீத்துக் கன்று பிறந்த இரண்டாம் நாளே செத்துப்போனது. வாரக்காரர் திண்ணையில் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அப்பத்தா வெற்றிலையின் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"தாய்மாடு நல்லா நிக்குதா? அப்ப முதலுக்கு மோசமில்லப்பா."