அரைக் கிலோ எடையில் 30 தோட்டா: ரிம்ஃபயர் பிஸ்டலுக்குள் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கோகோ என்ற ஊரில் கெல்டெக் என்றொரு துப்பாக்கிக் கம்பெனி இருக்கிறது. 2010-ல் அவர்கள் பிஎம்ஆர்-30 என்ற பிஸ்டலைக் காட்டியபோது பலரும் முதலில் கேட்ட கேள்வி, இது நிஜமா பொம்மையா என்பதுதான். வெறும் துப்பாக்கி 400 கிராம்கூட இல்லை, அதில் 30 தோட்டா நிரப்பிய மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியை, செருகினாலும் மொத்தம் சுமார் 560 கிராம்தான் வருகிறது. போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் க்ளாக் 17 மாதிரியான ஒரு 9 மிமீ பிஸ்டல் 17 தோட்டாவோடு 900 கிராமைத் தொட்டுவிடும். கிட்டத்தட்ட அதே உயரம், அதே நீளம். ஆனால் தோட்டா கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, எடையோ மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. இது எப்படி முடிந்தது, முடிந்ததற்கு எதை விலையாகக் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதை யார் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் காடு மலைகளில் நாள்கணக்கில் நடப்பவர்கள், மீன் பிடிக்கப் போகிறவர்கள், கண்ணி வைத்து ரோமத்துக்காக விலங்கு பிடிப்பவர்கள். இவர்களுக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1930-களிலேயே 'கிட் கன்' என்ற பெயரில் ஒரு குட்டி பாயின்ட் 22 (சுமார் 0.22 அங்குலக் குண்டு) ரிவால்வரைக் கொண்டுவந்தது, மீன்பிடி சாமான் பெட்டிக்குள் ஓர் ஓரமாகக் கிடக்கட்டும் என்று. ஆறு தோட்டா, கைக்கடக்கம். முயல், பாம்பு, கண்ணியில் மாட்டிய மிருகம், சும்மா தகரடப்பாவைக் குறிபார்ப்பது, இவ்வளவுதான் வேலை. இன்றைய பிளாஸ்டிக் பிஸ்டல்கள் அந்தக் கிட் கன்னின் பேரப்பிள்ளைகள்.

கரடிக்கு இது ஆகாது. 1953-ல் கனடாவின் அல்பெர்ட்டாவில் பெல்லா ட்வின் என்ற க்ரீ பழங்குடிப் பெண் ஒருவர் ஒற்றைத் தோட்டா பாயின்ட் 22 ரைஃபிளை வைத்து ஒரு பெரிய கிரிஸ்லி கரடியைச் சாய்த்தார், அதன் மண்டையோடு அப்போது உலக சாதனை அளவு. இந்தக் கதையைச் சொல்லித்தான் ஆளாளுக்கு வாதாடுவார்கள். அவர் காட்டில் வாழ்ந்து பழகியவர், எங்கே சுட வேண்டும் என்று தெரிந்தவர், கையில் இருந்ததும் ரைஃபிள். அதை வைத்துப் பிஸ்டல் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. கரடி உலாவும் இடத்துக்குப் போகிறவர்கள் மிளகாய் ஸ்ப்ரே கொண்டுபோகட்டும்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டாவின் மொத்த நீளம் ஓர் அங்குலம், குண்டின் குறுக்களவு 5.7 மிமீ, முழுத் தோட்டாவின் எடை மூன்றரை கிராமுக்குள். ஒரு 9 மிமீ தோட்டா 12 கிராம் வரும். ஆக, தோட்டாவிலேயே எடை மிச்சமாகிவிடுகிறது. 1887-ல் இருந்து இதே அளவுதான், மாறவே இல்லை. உலகத்தில் அதிகம் சுடப்படும் தோட்டா இதுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் சுட்டதும் இதே தோட்டாவைத்தான்.

9 மிமீ மாதிரியான சாதாரண தோட்டாவின் அடியில் நடுவில் வட்டமாக ஒரு பொட்டு தெரியும், அதுதான் பிரைமர், இந்த வகைக்கு சென்டர்ஃபயர் என்று பெயர். ஊசி அதைக் குத்தும், பொறி பறக்கும், உள்ளே மருந்து பற்றும். பாயின்ட் 22 தோட்டா ரிம்ஃபயர் வகை, அதில் அந்தப் பொட்டே கிடையாது. பித்தளைக் குப்பியின் அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக மடித்து ஒரு விளிம்பு செய்திருப்பார்கள், அந்த விளிம்பின் உள்பக்கம் பொள்ளல். தயாரிக்கும்போது ஈரமான பிரைமர் கலவையைக் குப்பிக்குள் போட்டு வேகமாகச் சுழற்றுவார்கள், கலவை நாலாபக்கமும் ஒதுங்கி விளிம்புக்குள் போய் அப்பிக்கொள்ளும், அப்புறம் காயவைப்பார்கள். பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம், கூடவே உரசலுக்காகக் கண்ணாடித் தூள். சுடும்போது ஊசி விளிம்பில் அடிக்கிறது. ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் குழலின் பின்வாய், நடுவில் விளிம்பு நசுங்குகிறது, அந்த நசுக்கலில் கலவை வெடிக்கிறது.

தனி பிரைமர் இல்லாததால் மலிவு. ஆனால் இரண்டு தொல்லைகள் கூடவே வந்துவிடும். ஒன்று, சுழற்றும்போது கலவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவாமல் போகலாம், ஊசி அடித்த இடத்தில் கலவையே இல்லாவிட்டால் வெறும் 'டிக்' சத்தம்தான். சென்டர்ஃபயர் தோட்டாவை விட ரிம்ஃபயர் ஏமாற்றுவது அதிகம் என்பது சுடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, தோட்டாவை எடுத்து சற்றே திருப்பிப் போட்டு மறுபடி அடித்தால் பெரும்பாலும் வெடித்துவிடும், ஏனென்றால் இப்போது வேறு இடத்தில் அடி விழுகிறது. இரண்டாவது, ஊசி நசுக்கும் அளவுக்கு விளிம்பு மெல்லிசாக இருந்தாக வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தத்தைத் தாங்காது. அதனால் பாயின்ட் 22-க்கு உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு, 9 மிமீக்கு 35,000. ஒரு காலத்தில் பாயின்ட் 44 அளவில்கூட ரிம்ஃபயர் இருந்தது, 1860-ன் ஹென்றி ரைஃபிள் அதில்தான் ஓடியது. பெரிய அளவுகள் எல்லாம் வழக்கொழிந்ததற்கு இந்த விளிம்புதான் காரணம்.

இந்த விளிம்பு மேகசினிலும் வம்பு செய்யும். விளிம்பு மடித்த எவர்சில்வர் டம்ளர்களைப் படுக்கவைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் குறுகல், வாய்ப்பக்கம் விளிம்பு தடிப்பு, ஆகவே அடுக்கு நேராக நிற்காமல் வாழைப்பழம் மாதிரி வளையும். மேல் டம்ளரின் விளிம்பு கீழ் டம்ளரின் விளிம்புக்கு முன்னால் இருந்தால் மேலதை முன்பக்கம் இழுத்து எடுத்துவிடலாம், பின்னால் மாட்டியிருந்தால் இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு நகராது. தோட்டாவுக்கும் இதே கதைதான், இதை ரிம்லாக் என்பார்கள். அதனால் ரொம்ப காலமாக பாயின்ட் 22 பிஸ்டல்களில் ஒற்றை வரிசை மேகசின், 10 தோட்டா, அத்தோடு சரி. 9 மிமீ தோட்டாவுக்கு வெளியே துருத்தும் விளிம்பே இல்லை, அதனால் அதை இரண்டு வரிசையாக நெருக்கி அடுக்குவது சுலபம்.

ஒற்றை வரிசையை விட்டு இரண்டு வரிசைக்குப் போனால் ஒவ்வொரு தோட்டாவும் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தோட்டாக்களோடு உரசும், அந்த ஒவ்வோர் உரசலிலும் விளிம்பு சரியான வரிசையில் இருக்க வேண்டும். மேலே வரும்போது இரண்டு வரிசையும் ஒன்றாக வேண்டும், அந்தச் சந்தியில்தான் கொக்கி போடும் வாய்ப்பு அதிகம். மேகசினின் உள்சுவரின் சாய்வு, ஸ்பிரிங்கின் தள்ளுவிசை, தோட்டாவைத் தாங்கும் தட்டின் கோணம், எல்லாம் சேர்ந்துதான் இதைச் சமாளிக்கின்றன. கெல்டெக் நிறுவனர் ஜார்ஜ் கெல்கிரென், ஸ்வீடனில் பிறந்தவர், இதே வம்போடு ரொம்ப நாளாக மல்லுக்கட்டியவர். 1990 வாக்கில் கிரெண்டல் என்ற தன் முந்தைய கம்பெனியில் பி-30 என்று 30 தோட்டா பிஸ்டல் ஒன்றைச் செய்தார், இருபது வருஷம் கழித்து வந்த பிஎம்ஆர்-30 அதே யோசனையின் முதிர்ந்த வடிவம். அதற்கும் மேலே போய் 2019-ல் அவருடைய கம்பெனி சிபி-33 என்ற பிஸ்டலில் நான்கு வரிசையாக அடுக்கி 33 தோட்டாவை ஏற்றியது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அது துப்பாக்கி என்பதை விட ஒரு பந்தயம் மாதிரிதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது எடை. இங்கே இயற்பியல் ரொம்ப எளிமையாக இருக்கிறது. பெரும்பாலான பாயின்ட் 22 பிஸ்டல்களில் பூட்டே கிடையாது. குழலின் பின்வாயை மூடியிருப்பது மேலே நகரும் ஸ்லைடின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் மட்டும்தான், இதற்கு ப்ளோபேக் என்று பெயர். வாயு குண்டை முன்னே தள்ளும் அதே விசையில் காலிக் குப்பியையும் ஸ்லைடையும் பின்னே தள்ளும். இரண்டும் நகரும் தூரம் அவற்றின் எடைக்குத் தலைகீழ் விகிதம். குண்டு 2.6 கிராம், ஸ்லைடு 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம், குண்டு 10 சென்டிமீட்டர் குழலைக் கடந்து வெளியேறும்போது ஸ்லைடு 1.3 மில்லிமீட்டர்தான் பின்வாங்கியிருக்கும். அதாவது அழுத்தம் அடங்கும் வரை குப்பி கிட்டத்தட்ட தன் இடத்திலேயே இருக்கிறது. ஆபத்தில்லை.

இதையே 9 மிமீக்குச் செய்தால்? குண்டு ஏழரை கிராம், ஸ்லைடு அதே 1.3 மில்லிமீட்டரோடு நிற்க வேண்டுமானால் அரைக் கிலோவுக்கும் மேல் எடை வேண்டும். ஹை-பாயின்ட் என்ற மலிவு விலை பிஸ்டலில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், செங்கல் மாதிரி ஸ்லைடு. மற்றவர்கள் குழலையும் ஸ்லைடையும் பூட்டிவைத்து, அழுத்தம் இறங்கிய பிறகு பிரியவிடுகிறார்கள். பாயின்ட் 22-ல் அந்தத் தலைவலி இல்லை என்பதால் ஸ்லைடை அலுமினியத்தில் செய்யலாம், க்ளாக் 44-ல் பாதி ஸ்லைடே பிளாஸ்டிக். உடல் பாலிமர். 2019-ல் வந்த டாரஸ் டிஎக்ஸ்22, 16 தோட்டா கொள்ளும், காலியாக 490 கிராம். 2020-ல் வந்த கெல்டெக் பி-17 இன்னும் மோசம், அல்லது இன்னும் அருமை, எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள்: 16 தோட்டா நிரம்பிய மேகசினோடு சேர்த்தே 400 கிராமுக்குள். அலமாரியிலிருந்து பையில் போட்டால் இருப்பதே மறந்துபோகும்.

இவ்வளவு லேசான துப்பாக்கி கையில் எகிறாதா என்றால், எகிறாது. பின்னுதைப்பு என்பது குண்டின் எடை பெருக்கல் வேகம்தான். பாயின்ட் 22-க்கு அது 9 மிமீயில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதே காரணத்தால் அடியும் சின்னது: பிஸ்டல் குழலிலிருந்து போகும்போது பாயின்ட் 22 லாங் ரைஃபிளின் ஆற்றல் சுமார் 120 ஜூல், 9 மிமீ சுமார் 480.

இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கத்தான் மேக்னம் வந்தது. 1959-ல் வின்செஸ்டர் கொண்டுவந்த பாயின்ட் 22 டபிள்யூஎம்ஆர் தோட்டாவும் ரிம்ஃபயர்தான், ஆனால் நீளமான குப்பி, நிறைய மருந்து. பிஎம்ஆர்-30 சுடுவது இதைத்தான். அழுத்த வரம்பு அதே 24,000 பவுண்டு என்றாலும், மருந்து அதிகம் என்பதால் அழுத்தம் அதிக நேரம் நீடிக்கும், மெல்லிய நீளக் குப்பி குழலின் சுவரில் அப்பிக்கொள்ளும். வெறும் ப்ளோபேக் என்றால் விளிம்பைப் பிடித்து இழுக்கும்போது குப்பி வர மறுக்கலாம், சீக்கிரமே வெளியே வந்தால் பிதுங்கவோ கிழியவோ செய்யலாம். ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1980-களின் கடைசியில் வந்த ஆட்டோமேக் 2 குழலின் பின்வாயைச் சுற்றிச் சிறு துளைகள் போட்டு, வாயு குப்பியின் வெளிப்பக்கமும் புகுந்து அதை மிதக்கவிடும்படி செய்தது. கிரெண்டல் பி-30 அதே வேலையைப் பின்வாயின் உள்சுவரில் வெட்டிய பள்ளங்களால் செய்தது. பிஎம்ஆர்-30 வேறு பாதை: அழுத்தம் குறைவான தோட்டா என்றால் ப்ளோபேக் மாதிரி நடந்துகொள்ளும், அழுத்தம் கூடினால் குழலும் ஸ்லைடோடு சேர்ந்து சற்றுப் பின்னே வந்து, அந்தக் கூடுதல் எடை திறப்பதைத் தாமதப்படுத்தும். குப்பியை இழுக்க ஒன்றுக்கு இரண்டு கொக்கி, எதிரெதிராக.

2023-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த எம் அண்ட் பி 22 மேக்னம் இதை இன்னும் முறையாகச் செய்கிறது. அதே 30 தோட்டா, காலியாகச் சுமார் 620 கிராம். குழல் சுழன்று பூட்டிக்கொள்ளும், குண்டு குழலில் உள்ள ஒரு வாயுத் துளையைத் தாண்டும் வரை பூட்டு திறக்காது. கெல்டெக்கை விட 200 கிராமுக்கும் மேல் அதிகம், அந்த எடை பூட்டுக்கும் உருக்குக்கும் போனது. என்னைக் கேட்டால் நாள் முழுக்க இடுப்பில் தொங்கவிட கெல்டெக், வாரம் தவறாமல் சுட மற்றது.

மேக்னம் என்றாலும் நாலேகால் அங்குலக் குழலில் அது முழுசாக மேக்னம் இல்லை. 40 கிரெய்ன் (2.6 கிராம்) குண்டு ரைஃபிளில் விநாடிக்கு 570 மீட்டர் போகும், பிஸ்டலில் 370-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். குழலுக்குள் எரிய நேரம் கிடைக்காத மருந்து வெளியே வந்து எரிகிறது, அதனால்தான் மாலை வெளிச்சத்தில் சுட்டால் முன்னால் பந்து மாதிரி தீ தெரியும், சத்தமும் காதைப் பிளக்கும், காதுக்கு மூடி இல்லாமல் சுடக் கூடாது. குட்டைக் குழலுக்கென்றே வேகமாக எரியும் மருந்து போட்ட தோட்டாக்களை ஸ்பியர் போன்ற கம்பெனிகள் தனியாக விற்கின்றன, அதை வாங்கினால் வித்தியாசம் தெரியும். லாங் ரைஃபிள் தோட்டாவை மேக்னம் துப்பாக்கியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், உள்ளே போகும், ஆனால் குப்பி ஒல்லி என்பதால் சுட்டதும் வெடித்துக் கிழியும்.

கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குச் சட்டம் இடம் தருவதில்லை, அங்கே இந்த 30 எல்லாம் படத்தில் பார்க்கத்தான். சட்டம் இடம் தரும் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மேகசினை நிரப்புவதே தனி வேலை. அவசரமாக அமுக்கித் தள்ளினால் எங்கோ ஒரு விளிம்பு தப்பான பக்கம் போய் மாட்டும், சுடும்போது பத்தாவது தோட்டாவில் நின்றுவிடும். அதனால் சில தோட்டாவுக்கு ஒருமுறை நிறுத்தி, மேகசினின் முதுகுப் பக்கத்தை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டி, எல்லா விளிம்பும் பின்சுவரில் போய் உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்ததைப் போட வேண்டும்.