பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போடுங்கள், தப்பில்லை

இந்த மாதம் இன்னொருவர். எழுபதைத் தாண்டிய அம்மா. கணவர் கட்டிய வீட்டை, உரிமை உடனே கைமாறும்படி, இரண்டு மகன்களுக்கும் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம் என்று ஒரு துணிப்பையோடு மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறார். 31 தேதி வரும் மாதங்களில் அந்தக் கடைசி நாள் சாப்பாடு யார் கணக்கு என்பதில் இரண்டு வீட்டுக்கும் தகராறு. "பத்திரத்தில் உங்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏதாவது எழுதினீர்களா?" என்று கேட்டேன். "பெத்த புள்ளைகிட்ட போயி கண்டிசன் போடுவாங்களாம்மா?" என்றார்.

முதியோர் பராமரிப்பு பற்றிக் கள ஆய்வு செய்பவள் நான். இந்தப் பதிலை ஊர் ஊராகக் கேட்டாகிவிட்டது. அதைவிட அலுப்பூட்டுவது, இப்படி ஒன்றைச் சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் வழங்கும் தீர்ப்பு: "கூட்டுக்குடும்பம் போச்சு, அதான் இப்படி. எல்லாம் மேல்நாட்டுக் கலாச்சாரம்."

எந்தக் கூட்டுக்குடும்பம்? யாருடைய கூட்டுக்குடும்பம்? பிரிக்காமல் வைத்துக்கொள்ள நிலமோ கடையோ இருந்தவர்களுக்குத்தான் சேர்ந்து வாழ்வதில் ஆதாயம் இருந்தது. கூலி வேலைக்குப் போனவர்கள் வீட்டில், மகனுக்குக் கல்யாணமானால் சீக்கிரமே பக்கத்தில் இன்னொரு குடிசை, இன்னொரு அடுப்பு. ஏ.எம். ஷா என்ற சமூகவியலாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட ஒரு குஜராத் கிராமத்தின் வீட்டுக் கணக்கைப் பார்த்தார். வெள்ளைக்காரன் கலாச்சாரம் அந்தக் கிராமத்தை எட்டிப் பார்க்காத அந்தக் காலத்திலேயே, அங்கே பெரும்பாலான வீடுகள் சின்னக் குடும்பங்கள்தான். அதே குஜராத்தின் மஹுவா ஊரை ஆராய்ந்த ஐ.பி. தேசாய் 1964இல் வேறொன்றைச் சொன்னார்: தனித்தனிக் கூரையின்கீழ் இருந்தாலும் சொத்திலும் கடமையிலும் சேர்ந்தே இருக்கும் குடும்பங்கள் உண்டு. கூரையை எண்ணினால் பாசத்தை எண்ணியதாகாது. சமூகவியல் படிக்கிற மாணவருக்கு இது முதல் வருடப் பாடம். ஆனால் தொலைக்காட்சி விவாதத்துக்குக் கூப்பிட்டு "பண்பாட்டுச் சீரழிவு பற்றி ரெண்டு நிமிஷம் பேசுங்க மேடம்" என்பவர்களிடம் இதைச் சொன்னால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.

உண்மையில் மாறியது ஆயுள். சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வருடம் அளவில்தான் இருந்தது. குழந்தைச் சாவுகள் அந்தக் கணக்கைக் கீழே இழுத்தன என்பது சரி. ஆனாலும் பக்கவாதம் வந்து பத்து வருடம் படுத்திருப்பவரைப் பராமரிக்கும் வேலை இன்றைக்கு இருக்கிற அளவுக்கு அன்றைக்கு எந்தத் தலைமுறைக்கும் வாய்க்கவில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துக்கு ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். பிள்ளைப்பேறோ, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டுக்கும் கீழே. ஐந்து பேர் பங்குபோட்ட வேலை ஒருவர் தலையில் விழுகிறது.

அந்த ஒருவர் யார் என்று பார்த்தால் அநேகமாக மருமகள். பழைய பெரிய வீடுகளைப் பற்றி உருகுகிறவர்கள், அங்கே படுக்கைப் புண்ணைத் துடைத்தது யார் என்று மட்டும் சொல்வதில்லை. இப்போது அவளும் வேலைக்குப் போகிறாள், உடனே "மருமகள் சரியில்லை". பெற்ற மகன் கூடத்தில் போன் பார்த்துக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. சட்டத்தின் கண்ணில் படுகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பொறுப்பை மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோர் மீதுதான் வைக்கிறது.

அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவைத்தான் எல்லோரும் பாதி தெரிந்துவைத்திருக்கிறார்கள். "பாத்துக்கலைன்னா கேன்சல் பண்ணிடலாம்ல?" அவ்வளவு சுலபமில்லை. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதை மீறினால், தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். நிபந்தனையே இல்லாத பத்திரத்தை இந்தப் பிரிவில் ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் ஒரு தாயின் வழக்கில், அன்பும் பாசமுமே மறைமுக நிபந்தனைதான் என்று இரக்கமாகப் பார்த்தது. நல்ல தீர்ப்பு. அதற்காக எண்பது வயதில் நீங்கள் உயர் நீதிமன்றப் படி ஏறவேண்டுமா? எழுதும்போதே ஒரு வரி சேர்த்தால் போதுமே.

முடிந்தால் செட்டில்மென்ட்டே வேண்டாம், உயில் எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மென்ட்தான் என்றால், பராமரிப்பு நிபந்தனையையும், ஆயுள்வரை அந்த வீட்டில் வசிக்கும் உங்கள் உரிமையையும் எழுத்தில் வையுங்கள். கணவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கும் அந்த உரிமை வருமாறு எழுதச் சொல்லுங்கள். இதை மறந்துவிட்டுப் போன அப்பாக்கள் ஏராளம். பென்ஷன் வரும் கணக்கின் ஏ.டி.எம். கார்டை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்து ஏமாந்தவர்கள் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். மூத்த குடிமக்கள் தீர்ப்பாயம் அங்கேதான். மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். உங்களால் முடியாவிட்டால், தெரிந்தவர் ஒருவர் உங்கள் அனுமதியோடு உங்கள் சார்பில் மனு கொடுக்கலாம். 14567 என்ற உதவி எண்ணில் வழி சொல்வார்கள்.

உறவினரும் அக்கம்பக்கத்தாரும் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று மகன் முன்னால் கேட்காதீர்கள். கூடத்தில் உட்கார்ந்து எடுத்த எந்தப் பேட்டியையும் நான் நம்புவதில்லை. எல்லோருமே அங்கே "நல்லா பாத்துக்கறாங்க" என்றுதான் சொல்வார்கள். கோயிலுக்கோ கடைக்கோ கூட நடந்து போங்கள், அப்போது பேச்சு வரும். மாத்திரை அட்டை காலியாகி எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள்.

பதிவு அலுவலகத்துக்கு உங்களைக் காரில் ஏற்றிப் போகிறவரே சொத்தை வாங்கிக்கொள்கிறவராகவும் இருந்தால், அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள். பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டு வந்து, குடும்பத்தில் யாருக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு, அப்புறம் போகலாம்.