முயலின் குடலில் ஒரு முடிச்சு

காலராவுக்குக் காரணமான கிருமியை 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் உறுதிப்படுத்தினார். அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்றும் அவர் கருதினார். அந்த நஞ்சு அகப்பட மேலும் 75 ஆண்டுகள் பிடித்தன. அதைப் பிடித்தவரும் அதே ஊரில் வேலை செய்த நோயியல் மருத்துவர்தான்: சம்புநாத் டே.

அதுவரை பலர் கிருமியை விலங்குகளின் ரத்தத்திலோ வயிற்று உறையிலோ செலுத்திப் பார்த்தார்கள். விலங்குகள் செத்தன, ஆனால் பேதி ஆகவில்லை. நோயாளியிடமிருந்து அரிசி கழுவிய நீர்போல மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வெளியேறும் நோய் இது. அப்படியிருக்க, குடலை விட்டுவிட்டு வேறெங்கோ தேடினால் எப்படிக் கிடைக்கும்?

டே நேராகக் குடலுக்குப் போனார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டுப் பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டி, நடுவே கிருமிக் கரைசலைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்தபோது அந்தப் பகுதி நீர் நிறைந்து உப்பியிருந்தது. 1953-இல் வெளியான இந்தச் சோதனைக்கு நூலும் ஊசியும் பொறுமையும் போதும். அதன் அழகே அதுதான். 1959-இல் கிருமிகள் வளர்ந்த நீரிலிருந்து அவற்றை முழுவதுமாக வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஆக, கிருமி வெளியே கக்கும் பொருளே நஞ்சு என்பது தெளிவாயிற்று. 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது.

அந்த நஞ்சு ஒரு புரதம் என்பதும், அது இயங்கும் விதமும் பின்னர் விளங்கின. அதன் ஐந்து துணைக்கூறுகள் குடற்செல்லைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது உள்ளே நுழைந்து, செல்லின் சுரப்பை இயக்கும் விசையை அணைக்க முடியாதபடி பூட்டிவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. சோடியமும் நீரும் அதன் பின்னே ஓடுகின்றன. இத்தனைக்கும் குடலின் உட்சுவர் சிதைவதில்லை. குளுக்கோஸோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி திறந்தே இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் கலந்த நீர் காலரா நோயாளியைக் காப்பாற்றுவது அந்த வழியாகத்தான்.

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க், டேயின் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978-இல் நோபல் கருத்தரங்கு ஒன்றுக்கு டே அழைக்கப்பட்டார். எனக்கு ஆறாத வருத்தம் வேறு. 1985-இல் அவர் இறக்கும்வரை இந்திய அறிவியல் கழகங்களில் ஒன்றுகூட அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை.