பைக்குள் உறங்கும் ரேடியோ

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நான்கைந்து வகுப்பு முடிந்ததும் தவறாமல் கேட்பது, “எந்தக் கைரேடியோ வாங்கலாம், சார்?” என்பதுதான். விமானமும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்ளும் அலைவரிசைகளில் கேட்கவும் பேசவும் உதவும் கையடக்கக் கருவி அது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் சிறுவிமானப் பயிற்சியாளராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் மென்பொருள் துறைத் தமிழர்கள் நிறையப் பேர். எதை வாங்குவதானாலும் ஒப்பீட்டு அட்டவணை போடாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. எத்தனை வாட், நினைவில் எத்தனை சேனல், புளூடூத் உண்டா, ஜி.பி.எஸ். உண்டா என்று அலசி முடித்துவிட்டுத்தான் கேட்கவே வருவார்கள். நான் எந்த மாடலையும் சிபாரிசு செய்வதில்லை. வாங்கிக்கொண்டு வந்த பிறகு ஒரு சோதனை மட்டும் வைப்பேன்.

ரேடியோவைப் பைக்குள் போட்டு, பையைப் பின்னிருக்கையில் வைக்க வேண்டும். முன்னிருக்கையில் பெல்ட் மாட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அதை எடுத்து இயக்கி, 121.5 மெகாஹெர்ட்சுக்குக் கொண்டுவர வேண்டும். உலகம் முழுக்க விமானங்களுக்கான அவசர அலைவரிசை அது. பெரும்பாலான கைரேடியோக்களில் அதற்கென்றே தனிப் பொத்தான் உண்டு. ஆனாலும் முதல் முறையிலேயே தேறியவர்கள் குறைவு. ஒருவர் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து திரும்பினார். இன்னொருவரின் ரேடியோவுக்கு, பெட்டியைப் பிரித்த நாளுக்குப் பிறகு சார்ஜ் ஏற்றியதே இல்லை.

யாரையும் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. இதே சோதனையை ஓர் இரவில் எனக்கு வானமே வைத்தது. நானும் சரியாகத் தேறவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கைரேடியோவின் ஆயுளில் பெரும்பகுதி தரையில்தான் கழிகிறது. அதில் தவறில்லை. விமானத்தளத்து வேலி ஓரமாகக் காரை நிறுத்தி, கோபுரத்தின் அலைவரிசையையும் தரைக் கட்டுப்பாட்டின் அலைவரிசையையும் ஸ்கேனில், அதாவது ரேடியோ தானே மாறிமாறித் தேடும்படி, போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால், ரேடியோவில் பேசக் கற்பதற்கு அதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. முதல் நாள் வெறும் இரைச்சலாகக் கேட்பது பத்தாம் நாள் வாக்கியமாகக் கேட்கும். அடுத்து அந்தப் பைலட் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு முன்னால் உங்கள் வாயில் வந்து நிற்கும். அந்த நிலைக்கு வந்த மாணவருக்கு நான் வகுப்பில் ரேடியோப் பேச்சைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

இப்படிக் கேட்கத் தொடங்கியதும் ஒரு சந்தேகம் வரும். பைலட் பேசுவது கேட்கிறது, கோபுரம் பேசுவது கேட்கவில்லை, ரேடியோ பழுதா? பழுதில்லை. விமானப் பேச்சு நடப்பது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில். அவை ஏறத்தாழப் பார்வைக் கோட்டில்தான் செல்லும். 5,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் சமவெளியில் ஏறத்தாழ 87 கடல் மைல் வரை எட்டும். உங்கள் வீட்டு முற்றத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒரு குன்று இருந்தால், ஐந்து மைலில் இருக்கும் கட்டுப்பாட்டாளரின் குரல் வராது. உரையாடலில் பாதிதான் காதில் விழும். மீதியை ஊகித்துப் பழகுவதும் பயிற்சிதான்.

இந்தக் காலத்திலும் ஏன் பழைய ஏ.எம். முறை என்றும் கேட்பார்கள். எஃப்.எம். என்றால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது வலுத்த குரல் மெலிந்த குரலை விழுங்கிவிடும், விழுங்கியது யாருக்கும் தெரியாது. ஏ.எம்.மில் கீச்சென்று ஓர் ஓலம் எழும். யாரோ ஒருவரின் பேச்சு மிதிபட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடியில் கிடந்தது எரிபொருள் தீரப்போகிறவரின் குரலாகக்கூட இருக்கலாம் அல்லவா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கேட்பதற்கு உரிமம் தேவையில்லை. உள்நாட்டுப் பயணத்தில் விமானத்துக்குள்ளிருந்து பேசவும் தனி உரிமம் தேவையில்லை. தரையில் நின்றுகொண்டு பேச உரிமம் வேண்டும். ஆகவே வேலி ஓரத்தில் நிற்கும்போது பேசும் பொத்தானில் விரலே படக்கூடாது. ஊரில் விமானப் பைத்தியமாக இருக்கும் தம்பிக்கு ஒன்று வாங்கிப்போகலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். இந்தியாவில் இந்த வகைக் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே வம்பு. பிரிட்டனிலோ, நமக்காக அனுப்பப்படாத பேச்சைக் கேட்பதுகூடச் சட்டப்படி குற்றம். இங்கே பொழுதுபோக்காக இருப்பது இன்னொரு நாட்டில் வழக்காகிவிடும்.

தரையில் இவ்வளவு உதவும் ஸ்கேன், வானில் நம்மைக் கவிழ்க்கும். காரணம் எளிது. ஸ்கேன் என்பது ஒவ்வொரு அலைவரிசையாகத் தாவிப் போய், சத்தம் உள்ள இடத்தில் நிற்பது. வானிலைத் தகவலை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும் ஏடிஸ் ஒலிபரப்பு உங்கள் பட்டியலில் இருந்தால், அதன்மேல் போய் நின்ற ரேடியோ அங்கேயே கிடக்கும். அந்த நேரத்தில் கோபுரம் உங்களை அழைத்தால் உங்களுக்குத் தெரியாது. அதைவிட மோசம், ஸ்கேன் ஓடும்போது பேசும் பொத்தானை அழுத்தினால் உங்கள் பேச்சு எந்த அலைவரிசையில் போகும்? ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு விதம். உங்கள் கையிலிருப்பது என்ன செய்யும் என்று கையேட்டைப் பார்க்காமல் சொல்ல முடியுமா? முடியாதென்றால், பறக்கும்போது ஸ்கேனை அணைத்துவிடுங்கள். ஒரு முதன்மை அலைவரிசை, அதோடு 121.5 என்று இரண்டை மட்டும் காவல் பார்க்கும் வசதி இருந்தால் அது போதும்.

பைக்குள் போடும்போது விசைகளைப் பூட்டிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் பேசும் பொத்தானில் சாய்ந்து கிடந்தால், ஒரு விமானத்தளத்தின் பேச்சு முழுவதும் அடைபட்டுவிடும். யார் அடைத்தார்கள் என்று எல்லோரும் தேடுவார்கள். அடைத்தவருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

இனி வழிகாட்டும் வேலை. விமானங்களுக்குத் திசை காட்டத் தரையில் நிறுவிய வி.ஓ.ஆர். நிலையங்களின் சமிக்ஞையைப் பிடித்து, திரையில் ஒரு சிறு ஊசியாகக் காட்டும் கைரேடியோக்கள் உண்டு. நிலையம் இரண்டு சமிக்ஞைகளை அனுப்புகிறது. ஒன்று எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி. மற்றது விநாடிக்கு 30 முறை சுற்றிவரும் கலங்கரை விளக்கின் கற்றை மாதிரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, நிலையத்திலிருந்து நீங்கள் எந்தத் திசையில் இருக்கிறீர்கள் என்று ரேடியோ சொல்லிவிடும். தூரத்தைச் சொல்லாது. 60 கடல் மைல் தள்ளி இருந்தால் ஒரு பாகைப் பிழை ஒரு மைல் பிழையாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஊசி ஆடிக்கொண்டே இருக்கிறது, இது பொம்மை” என்று சொல்லி இந்த வசதியை ஒதுக்குகிறவர்கள் பலர். அவர்கள் ரேடியோவைச் செங்குத்தாகப் பிடித்திருப்பார்கள். பேசுவதற்கு அது சரி, ஏனென்றால் பேச்சு அலைகள் செங்குத்தாக அதிர்கின்றன. வி.ஓ.ஆர். அலைகள் கிடைமட்டமாக அதிர்கின்றன. ரேடியோவை ஜன்னலோரம் கொண்டுபோய், ஆன்டெனா தரைக்கு இணையாகக் கிடக்கும்படி பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். பகல் வேளையில் மாணவர்களை சாலினாஸ் பக்கம் அழைத்துப்போய் அங்குள்ள வி.ஓ.ஆர். நிலையத்தின் 117.3 மெகாஹெர்ட்சில் இதைச் செய்து காட்டுவேன். நிமிர்த்திப் பிடித்தால் ஊசி தலைசுற்றியவன் மாதிரி அலையும். சாய்த்ததும் ஒரு பக்கமாக நகர்ந்து நின்றுவிடும். மூன்று புள்ளி, ஒரு கோடு ஒரு புள்ளி, மறுபடி மூன்று புள்ளி என்று சாலினாஸின் மோர்ஸ் அடையாளம் காதில் விழும். அடையாளத்தைக் கேட்காமல் ஊசியை நம்பக்கூடாது. விமான உடல் உலோகம். நிலையம் எதிர்ப்பக்கம் இருந்தால் இறக்கையும் உடலும் நிழல் போடும். விமானத்தின் வெளி ஆன்டெனாவோடு இணைக்கும் வழி இருந்தால் பேச்சு வெகுவாகத் தேறிவிடும். கைரேடியோ காற்றில் ஏற்றும் சக்தி ஒன்றரை வாட்டைச் சுற்றித்தான். அந்தச் சக்தியையும் ரப்பர் ஆன்டெனாவில் வீணாக்கினால் என்ன மிஞ்சும்?

ஜி.பி.எஸ். இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கலிஃபோர்னியப் பாலைவனப் பகுதியில் ராணுவம் ஜி.பி.எஸ். குறுக்கீட்டுச் சோதனை நடத்துவதாகப் பைலட்டுகளுக்கு அவ்வப்போது முன்னறிவிப்பு வரும். அன்று திரையில் இருக்கும் சிறிய விமானப் படம் காணாமல் போகலாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வி.ஓ.ஆர். நிலையங்களைக் குறைத்துக்கொண்டு வந்தாலும், ஏறத்தாழ 590 நிலையங்களை மாற்று வலையாக வைத்திருக்கத் திட்டமிட்டிருப்பது இதற்காகத்தான். ஆனால் ஒன்று, கைரேடியோவின் ஊசியை நம்பி மேகத்துக்குள் நுழைய யாருக்கும் அனுமதி கிடையாது. மேகத்திலிருந்து வெளியே வருவதற்கு மட்டுமே அது உதவட்டும்.

இனி அந்த இரவு. கோடைக்காலம். ஒரு மாணவரும் நானும் செஸ்னா 172 என்ற சிறுவிமானத்தில் பாசோ ரோபிள்ஸிலிருந்து வடக்கே திரும்பிக்கொண்டிருந்தோம். இடப்பக்கம் கீழே 101ஆம் நெடுஞ்சாலையின் விளக்குகள் சரம் கோத்த மாதிரி. அப்போது மின்னழுத்தம் குறைந்ததைச் சொல்லும் விளக்கு எரிந்தது. பறக்கும்போது மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் நின்றுவிட்டது. ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தோம், வரவில்லை. என்ஜின் நிற்காது. அதன் தீப்பொறி மேக்னெட்டோவிலிருந்து வருகிறது, அதற்கு பேட்டரி தேவையில்லை. எஞ்சியவை எல்லாம் பேட்டரியின் தயவில். தேவையற்றதை அணைத்தோம். வடக்கே மான்டரே வளைகுடாவிலிருந்து கடல் மேகம் பள்ளத்தாக்குக்குள் ஏறி, நெடுஞ்சாலைச் சரத்தின் மறுமுனையை விழுங்கியிருந்தது. கட்டுப்பாட்டாளரிடம் நிலைமையைச் சொல்லி, பின்னால் வானம் தெளிந்திருந்த பக்கத்தில் கோபுரமில்லாத ஒரு சிறு தளத்தில் இறங்கப்போவதாகத் தெரிவித்தேன். அரைமணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்ட பேட்டரி அதில் பாதிகூடத் தாங்கவில்லை. திரைகள் இருண்டன. ஹெட்செட்டில் மௌனம்.

தளத்தின் பச்சையும் வெள்ளையுமான சுழல்விளக்கு தெரிந்தது. ஓடுபாதை தெரியவில்லை. தெரியாது, ஏனென்றால் இப்படிப்பட்ட தளங்களில் இரவு ஓடுபாதை விளக்குகளைப் பைலட்தான் ஏற்ற வேண்டும். தளத்தின் அலைவரிசையில் ரேடியோவின் பேசும் பொத்தானை ஐந்து விநாடிக்குள் ஏழு முறை அழுத்தினால் முழு வெளிச்சம், ஐந்து முறை என்றால் நடுத்தரம், மூன்று முறை என்றால் மங்கல். விமானத்தின் ரேடியோ செத்துவிட்டது. கைரேடியோ என் பைக்குள், பை பின்னிருக்கையில்.

“நீங்கள் ஓட்டுங்கள், உயரத்தை விடாதீர்கள்” என்று மாணவரிடம் சொல்லிவிட்டுக் கையை நீட்டித் துழாவினேன். ரேடியோ கிடைத்தது. ஹெட்செட்டோடு அதை இணைக்கும் கம்பி கிடைக்கவில்லை. அது வீட்டு மேசை இழுப்பறையில் இருந்ததைப் பிறகு கண்டுபிடித்தேன். ரேடியோவின் ஸ்பீக்கரை ஹெட்செட்டின் காதுமூடிக்குள் செருகிக்கொண்டு, பற்களில் டார்ச்சைக் கடித்தபடி ஏழு முறை அழுத்தினேன்.

“சார், எதுவும் எரியவில்லையே.”

மறுபடி அழுத்தினேன். இருட்டு. அப்போதுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். அன்று மதியம் ஓய்வறையில் உட்கார்ந்து பொழுதுபோக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா, ரேடியோ இன்னமும் ஸ்கேனில் இருந்தது. என் முதல் அழுத்தம் ஸ்கேனை நிறுத்தியிருக்கிறது. மற்ற எல்லா அழுத்தங்களும், அது நின்ற இடத்தில், எங்கோ இருக்கும் யாருடைய காதிலோ டிக் டிக் என்று விழுந்திருக்கின்றன. ஸ்கேனை அணைத்து, தளத்தின் அலைவரிசையை இலக்கம் இலக்கமாகத் தட்டி, மூன்றாம் முறை எண்ணி எண்ணி ஏழு முறை அழுத்தினேன். பள்ளத்தாக்கின் இருட்டில் இரண்டு வரிசை விளக்குகள் ஒரே நொடியில் முளைத்தன. மாணவர் ஏதோ சொன்னார். ஹெட்செட் வேலை செய்யாததால் எனக்குக் கேட்கவில்லை.

தரையிறங்கும்போது வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் ஃபிளாப்பும் அந்த விமானத்தில் மின்சாரத்தில்தான் இயங்கும். இறங்கும் விளக்கும் அப்படியே. இரண்டும் இல்லாமல் சற்று வேகமாக, சற்று நீளமாக ஓடி நின்றோம். ஊசியைப் பார்க்கும் தேவை அன்று வரவில்லை. கைரேடியோவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாங்கும்போது நான் ஒப்பிட்டுப் பார்த்த வசதிகளில் ஒன்றும் உதவவில்லை, பொத்தானைத் தவிர.

இப்போது ரேடியோ என் முழங்காலுக்குப் பக்கத்துக் கதவுப் பையில் இருக்கிறது. இணைப்புக் கம்பி அதிலேயே சுற்றியிருக்கிறது. சாதாரணப் பென்சில் பேட்டரி போடும் கூடு ஒன்று கூடவே. என்ஜினை இயக்குவதற்கு முன் ஸ்கேன் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பதை விமானத்தின் சரிபார்ப்புத் தாளில் பேனாவால் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

அன்று இரவு விமானத்தைக் கட்டிவைத்துவிட்டு, யாரையாவது வரச்சொல்லலாம் என்று இறக்கையடியில் நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். ஏற்றிய 15 நிமிடத்தில் அந்த விளக்குகள் தாமாகவே அணைந்துவிடும். அணைந்தன. முழு இருட்டு. மாணவர் என் கையிலிருந்த ரேடியோவைக் காட்டி, “இங்கே தரையில் நின்று அழுத்தக்கூடாது, இல்லையா, சார்?” என்றார். கூடாது என்றேன். டார்ச் வெளிச்சத்தில் வாயிலைத் தேடி நடந்தோம்.