உப்புத்தாளுக்கும் அழியாத ரேகை

நண்பர் வீட்டில் பழைய வாள் ஒன்று உண்டு. தாத்தா காலத்தில் ஹைதராபாத் பக்கமிருந்து வந்தது என்பார்கள். பரணில் சாக்குக்குள் கிடந்ததை எடுத்து, ஆயுத பூஜைக்குப் பளபளப்பாக இருக்கட்டும் என்று முதல் நாள் இரவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார். மறுநாள் நான் போனபோது அலகு எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. “எப்படிப் புதுசா ஆக்கிட்டேன், பாத்தீங்களா?” என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பிடியை ஒட்டி, தாள் எட்டாத இரண்டு விரற்கடை அகலத்தில் மட்டும் பழைய சாம்பல் நிறம் மிஞ்சியிருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை அதன்மேல் வைத்தேன். ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த தடம்போல வெளிறிய கோடுகள் வளைந்தும் பிரிந்தும் மறுபடி கூடியும் ஓடின. பழைய வாள் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். பாரசீகர்கள் இதை நீர் என்றே சொன்னார்கள். ஐரோப்பியர்கள் வைத்த பெயர் டமாஸ்கஸ். அந்த வாள்களின் எஃகு பெரும்பாலும் நம் பக்கத்தது. அதன் பெயர் உருக்கு.

உருக்கு என்ற சொல்லிலேயே செய்முறை இருக்கிறது. சாதாரண உலையில் இரும்பு உருகாது. சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். தாதுவிலிருந்து பஞ்சுபோன்ற கட்டியாக எடுத்து, அடித்துக் கசடு நீக்கிப் பயன்படுத்தினார்கள். தென்னிந்தியக் கொல்லர்கள் அந்த இரும்பைத் துண்டாக்கி, உமி கலந்து பிசைந்த களிமண்ணால் செய்த மூசை என்ற சிறு உருக்குப் பாத்திரத்தில் இட்டு, கூடவே ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் போட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டார்கள். மணிக்கணக்கில் துருத்தி ஊதும்போது உள்ளே கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் ஊறுகிறது. கார்பன் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பநிலை இறங்கும். ஒன்றரை சதவீதம் சேர்ந்ததும் 1,400 டிகிரிக்குச் சற்று மேலேயே முழுவதும் திரவமாகிவிடும். மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கட்டி வரும். சேலம், மைசூர், தெலங்கானா என்று பல இடங்களில் இதைச் செய்தார்கள். திருவண்ணாமலை பக்கம் மேல்சிறுவலூரில் உடைந்த மூசைகள் கிடைத்திருக்கின்றன. நிஜாமாபாத் பக்கத்துக் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்கள் நேரில் வந்து கட்டிகளைப் பார்த்து வாங்கிப் போனார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு என்றிருந்த சொல்தான் ஆங்கிலேயர் வாயில் ‘வூட்ஸ்’ ஆனது என்பது பலருடைய கருத்து.

அலகில் கண்ட அந்த வரிகள் எங்கிருந்து வருகின்றன? குச்சி ஐஸை நினைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்ச உறிஞ்சச் சாயமும் இனிப்பும் வாய்க்குள் வந்துவிடும். வெள்ளைப் பனிக்கட்டி மட்டும் குச்சியில் நிற்கும். உறையும்போது சுத்தமான தண்ணீர் முதலில் படிகமாகி, சர்க்கரையை இடுக்குகளுக்குத் தள்ளிவிடுகிறது. மூசைக்குள் மெதுவாக ஆறும் எஃகிலும் இதுவே நடக்கிறது. மரக்கிளைபோல இரும்புப் படிகங்கள் வளர, தாதுவோடு வந்த வனேடியம் போன்ற தனிமங்கள் கிளைகளுக்கு நடுவில் போய் ஒதுங்குகின்றன. கட்டியை அடித்து நீட்டும்போது அந்த இடுக்குகளும் நசுங்கி அடுக்கடுக்காகப் படிகின்றன.

இதுவரை கண்ணுக்கு எதுவும் தெரியாது. கொல்லர் அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி அடித்து, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சுகிறார். இப்படிப் பல சுற்று. ஒவ்வொரு முறை ஆறும்போதும் இரும்பும் கார்பனும் சேர்ந்த சிமென்டைட் என்ற கடினமான துகள்கள் பிரிந்து வருகின்றன. வனேடியம் ஒதுங்கிய அடுக்குகளில் இருக்கும் துகள்கள் பெருத்து நிலைக்கின்றன. மற்ற இடத்துத் துகள்கள் கரைந்துபோகின்றன. கடைசியில் கடினமான துகள்கள் வரிசை கட்டிய வெளிர் அடுக்கும் மென்மையான கருத்த அடுக்குமாக அலகு முழுவதும் மாறி மாறி நிற்கும். ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

அடுக்குகள் நேராக இருக்கையில் வரிகள் ஏன் நெளிகின்றன? சுத்தியல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழுவதில்லை. பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் அடுக்குகளைக் கடைசியில் சாணை பிடித்துச் சமதளமாக்கும்போது அவை வெவ்வேறு உயரத்தில் வெட்டுப்படுகின்றன. தேக்குப் பலகையை இழைத்தால் ரேகை நெளிந்து தெரிவது இதே காரணத்தால்தான். இதைப் புரிந்துகொண்ட கொல்லர்கள் விளையாடியும் பார்த்தார்கள். அலகின் குறுக்கே வரிசையாகப் பள்ளம் வெட்டி, மறுபடி அடித்துச் சமப்படுத்தினால் ஏணிப்படி போன்ற கோலம் வரும். பாரசீகத்தில் அதற்கு நாற்பது படி என்று பெயர். இன்றும் சேகரிப்பவர்கள் அதிக விலை கொடுப்பது அதற்குத்தான்.

ஐரோப்பியர்களுக்கு இது நெடுநாள் பிடிபடவில்லை. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்த எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். மைக்கேல் ஃபாரடே, அவரும் ஒரு கொல்லர் மகன், 1819-இல் இதை ஆராய்ந்து, அலுமினாவும் சிலிக்காவும்தான் காரணம் என்று தவறாக முடிவு கட்டினார். அங்கிருந்த கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளை வெளேரென்று காய்ச்சி அடித்தார்கள்; சுத்தியல் அடியில் கட்டி பிட்டாக உதிர்ந்தது. கார்பன் மிகுந்த எஃகு அந்தச் சூட்டில் உள்ளுக்குள்ளேயே உருக ஆரம்பித்துவிடும். உதிராமல் தப்பினாலும் சிமென்டைட் கரைந்து, வரி போய்விடும். ரஷ்யாவின் ஸ்லாத்தோவுஸ்த் நகரில் பாவெல் அனோசவ் என்ற பொறியாளர் மட்டும் பல ஆண்டு முயன்று 1840 வாக்கில் இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்து காட்டினார்.

உண்மை வெளிவர ஒரு சேகரிப்பாளர் காரணமாக இருந்தார் என்பது எனக்குப் பெரிய நிறைவு. ஸ்விட்சர்லாந்தின் ஹென்றி மோசர், கடிகார வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, மத்திய ஆசியா முழுவதும் சுற்றி வாங்கிய ஆயுதங்களை 1914-இல் பெர்ன் வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. சில நல்ல வாள்களை வெட்டிப் பார்ப்பதற்காகவே ஷோக்கே என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வு 1924-இல் வெளிவந்தது. எஞ்சிய துண்டுகள் பத்திரமாக இருந்தன. 1990-களில் அமெரிக்காவில் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் சேர்ந்து அதே துண்டுகளை ஆராய்ந்து, பழைய முறையில் புதிய அலகும் அடித்தார்கள். பத்து லட்சத்தில் வெறும் 40 பங்கு வனேடியம் இருந்தால் போதும், வரி வந்துவிடும் என்று கண்டார்கள். அந்தத் தனிமம் கலந்த தாது தீர்ந்துபோனதும் கைமுறையும் பலிக்காமல் கலை அற்றுப்போயிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். கம்பெனி ஆட்சியின் பொருளாதாரமும், ஆலையில் வார்த்து மலிவாக வந்த எஃகும் இதில் கை வைத்திருக்கின்றன என்றே நான் நினைக்கிறேன்.

இந்த விஞ்ஞானம் தெரிந்தால் போலியைப் பிடிப்பது எளிது. பல வாள்களில் வரியை மெழுகால் வரைந்து அமிலத்தில் அரித்திருப்பார்கள். அது மேல்தோலில் மட்டும்தான் இருக்கும். ஓரிடத்தில் லேசாகத் தேய்த்துவிட்டு மறுபடி அமிலம் தொட்டால் திரும்பி வராது. இரண்டு வகை எஃகை மடித்து மடித்து ஒட்டவைத்ததும் வரி காட்டும். அந்த வரி தடித்து, ஒழுங்காக, பக்கவாட்டில் ஒட்டுக்கோடு தெரிய இருக்கும். அதையும் ஏளனமாகப் பேச வேண்டியதில்லை. ஜாவாவின் கிரிஸ் கத்தியில் நிக்கல் கலந்த இரும்பை அடுக்கி, பாஷாணத்தை எலுமிச்சைச் சாற்றில் கரைத்துப் பூசுவார்கள். இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளிபோல் நிற்கும். பிரம்பானனில் விழுந்த விண்கல்லையே சில கிரிஸ்களுக்கு அடித்துச் சேர்த்திருக்கிறார்கள்.

அலகில் பொறித்த பெயரை நம்பி வாங்குவது ஆபத்து. பாரசீகத்தின் புகழ்பெற்ற வாள் கொல்லரான இஸ்ஃபகான் அசதுல்லாவின் பெயர் ஒரு மனிதர் ஆயுள் முழுக்க அடித்தாலும் அடிக்க முடியாத அத்தனை வாள்களில் இருக்கிறது. ஊரை நம்புவதும் அப்படித்தான். தஞ்சைப் பக்கத்துக் கட்டாரிகள் பலவற்றில், பிடி நம் ஊர் வேலையாக இருக்க, அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. நீண்ட வாளை வெட்டி உள்ளூர்ப் பிடியில் ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள். பிடிக்குக் கீழே அந்த ஆணித்தலைகளைத் தேடிப் பாருங்கள்.

கையில் பழைய அலகு இருப்பவர்கள் தயவுசெய்து தேய்க்காதீர்கள். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். வியர்வையின் உப்பில் விரல் ரேகை அப்படியே துருவாகப் பதிந்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்து அமிலமாகும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். ஜப்பானியர்கள் பிடிக்குள் மறைந்திருக்கும் வால்பகுதியின் துருவைக் கை வைக்காமல் அப்படியே விடுகிறார்கள். கத்தியின் வயதை அந்தத் துருவின் நிறத்தைக் கொண்டும் படிக்கிறார்கள்.

நண்பரின் வாளை அவர் சம்மதத்தோடு, பழம்பொருள் பராமரிப்பு தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனோம். அலகின் எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாக எடுத்தார். பழைய பட்டறைகளில் இரும்பு சல்பேட் கலந்த கனிமத்தைக் கரைத்துப் பூசுவார்களாம். நாட்டு மருந்துக் கடையின் அன்னபேதிக்கு உறவு. அவர் வைத்திருந்தது மிக நீர்த்த ஃபெரிக் குளோரைடு. பஞ்சில் தொட்டு, நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மெதுவாக இழுத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மென்மையான அடுக்கை அமிலம் தின்று கறுக்க, தொட முடியாத சிமென்டைட் வெளிறி எழுந்து வந்தது. பிடியோரத்தில் லென்ஸில் பார்த்த அதே நீர், அலகின் நடுவிலும் ஓடியது. நண்பர் வாயைத் திறக்கவில்லை.

முதுகோரத்தில் வரிசையாக நகக்கண் அளவுள்ள பள்ளங்கள் தெரிந்தன. தங்கக் கம்பி பதித்து எழுதியிருந்த இடம். அதை எதனாலும் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. உப்புத்தாளை எங்கே போட்டோம் என்று நண்பர் அன்று இரவு குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடினார்.